வெற்றுக் கண்ணாடியில் சிவப்பு

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. புரட்டாசி பிறந்து சில நாளில், ஒரு திங்கட்கிழமை, பெண்கள் வார்டிலிருந்து எங்கள் லேபுக்கு ஒரு சிறு சீசா வந்தது. உள்ளே பார்மலினில் ஒரு பயறு அளவுக்குச் சதைத் துணுக்கு. இருபத்தாறு வயதுப் பெண்ணின் மலக்குடலில் இருந்த கட்டியிலிருந்து எடுத்தது.

2. புதன்கிழமை அதை மெழுகில் பதித்தேன்.

3. வியாழக்கிழமை காலை, வெயில் ஏறி மெழுகு இளகுவதற்குள், மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடி ஸ்லைடுகளில் ஒட்டினோம்.

4. வெள்ளிக்கிழமை வழக்கமான சாயம் போட்டேன். லேப் டாக்டர் பார்த்தார். புற்றா, நாட்பட்ட சீதபேதிப் புண்ணா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. கார்மைன் சாயம் போட்டுத் தரச் சொன்னார்.

5. சனிக்கிழமை கார்மைன் போட்டேன். சிவந்தது.

6. அன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகுமுன் அவர் புற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

7. மாலைக்குள் பெரிய சர்ஜன், அடுத்த வியாழக்கிழமை அறுவை என்று குறித்துவிட்டார்.

8. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஸ்லைடைப் பெட்டியில் அடுக்கப் போனபோதுதான், சதையே இல்லாத இடத்திலும் கண்ணாடி சிவந்திருப்பதைப் பார்த்தேன்.

எட்டாவதாக நடந்தது ஐந்தாவதோடு சேர்ந்து நடந்திருக்க வேண்டும். நடக்காமல் போனதற்கு நானும் ஒரு காரணம். அதையும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சோழவந்தான் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஒன்றரை வருஷம் லேப் வேலை பயின்றுவிட்டு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். போர் நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்து வரவேண்டிய எதுவும் வரவில்லை. கார்மைன் அதில் ஒன்று. புதுச் சீசா கேட்டு நான் அனுப்பிய கடிதங்களுக்கு, கேட்டதைக் குறித்துக்கொண்டதாக மட்டும் பதில் வந்துகொண்டிருந்தது.

கார்மைன் எதற்கு என்று தெரியாதவர்களுக்காக. குடலின் உட்சுவரில் வழுவழுப்பான ஒரு பொருளைச் சுரக்கும் செல்கள் உண்டு. அந்தப் பொருளுக்கு மியூசின் என்று பெயர். சிலவகைப் புற்றில், செல் தான் சுரந்த மியூசினை வெளியே விடாமல் தனக்குள்ளேயே நிரப்பிக்கொண்டு ஊதிவிடும். அதன் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, மோதிரத்தில் கல் வைத்ததுபோலத் தெரியும். தொல்லை என்னவென்றால், ஆறாத பழைய புண்ணிலும் குப்பையை விழுங்கிப் பருத்த செல்கள் இருக்கும். அவையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். வழக்கமான சாயத்தில் இரண்டும் வெளிறிய குமிழ்கள். கார்மைன் சாயம் மியூசினை மட்டும் பிடித்துக்கொண்டு ரோஜா நிறமாக்கும். ஆகவே குமிழ் சிவந்தால் புற்று. சிவக்காவிட்டால் புண்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், புண்ணுக்குப் பத்து நாள் ஊசி. புற்றுக்கு, மலக்குடலை முழுதாக எடுத்துவிட்டு, அடிவயிற்றில் ஒரு துவாரம் வைப்பார்கள். பிறகு ஆயுள் முழுக்க மலம் அந்த வழியாகத்தான்.

அவளை நான் வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தேன். பெண்கள் வார்டில் இரத்தம் எடுக்க நான்தான் போவேன். பழைய நகரத்தில் தகரப்பெட்டிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். இரண்டு பிள்ளைகள். மாமியார் கூட இருந்தாள். ரமலான் மாதம். கட்டியும் இரத்தப்போக்குமாகப் படுத்திருப்பவள் நோன்பு வைக்கத் தேவையில்லை என்று நர்ஸும் மாமியாரும் மாறி மாறிச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. கை நீட்டும்போதுகூட, இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்று மாமியாரிடம்தான் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது என்பதைச் சரியாகவே ஊகித்திருந்தாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு லென்ஸ்களில் எண்ணெய் துடைப்பதும் அந்த வாரத்து ஸ்லைடுகளை அடுக்குவதும் என் வேலை. ஜன்னல் பக்கமாகப் பிடித்து லேபிளைப் படித்தேன். ஸ்லைடின் நடுவே சிறு பொட்டாகச் சதை. அதைச் சுற்றி, ஸ்லைடின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு. விரலால் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. குங்குமம் தொட்ட விரலைக் கண்ணாடியில் தேய்த்தது போல இருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். குமிழ்கள் சிவப்பாகத்தான் தெரிந்தன. ஆனால் குவியத்தை மாற்றும் நுண்திருகை மெல்லத் திருப்பியபோது விஷயம் வேறு. செல்லின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்போது சிவப்பு மங்கலாக இருந்தது. சிவப்பு கூர்மையானபோது செல் மங்கியது. இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. சிவப்பு, செல்லுக்குள் இல்லை. செல்லுக்கு அடியில், கண்ணாடியின் மேல் இருந்தது. குமிழ்கள் வெளிறியவை என்பதால் அடியில் இருந்த நிறம் அவற்றின் வழியாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

சந்தேகம் வராமல் போனதற்குக் காரணமும் உண்டு. ஒவ்வொரு முறையும், சிவக்க வேண்டிய குடல் துண்டு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துச் சாயம் போடுவோம், சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க. அது அழகாக, சிவக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிவந்திருந்தது. அதில் கண்ணாடி சுத்தமாக இருந்தது. அந்த ஸ்லைடு ஆவணியில் தயாரித்தது.

ஆவணிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் ஒட்டும் பசையில் ஏதோ மாறியிருக்கிறது என்று எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

ஸ்லைடில் சதைச் சீவல் ஒட்ட, முட்டையின் வெள்ளைக்கருவையும் கிளிசரினையும் சம அளவு கலந்து வடிகட்டி, ஒரு சொட்டை விரலால் மெலிதாகத் தேய்க்க வேண்டும். அந்த வேலையை நான் எங்கள் லேப் அட்டெண்டரிடம் விட்டிருந்தேன். நாற்பத்தைந்து வயதுக்காரர். அழகர்கோவில் போகும் சாலையில் வீடு. கைச்சுத்தம் உள்ளவர். எனக்கு முன்பிருந்தே லேபில் இருக்கிறார் என்பதை வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவார். நான் செய்முறைகளை எண் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது.

முந்தின வாரம் என் நோட்டில் நான் எழுதியிருந்த வரி இது: இந்த மாதம் ஒரு சீவல்கூடக் கழன்று மிதக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டியும் இருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். அந்த அடக்கத்தை நான் வேறு மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் வந்ததும் பசைச் சீசாவை மேஜையில் வைத்துக் கேட்டேன்.

“அண்ணே, இதுல என்ன இருக்கு?”

“பசை.”

“என்ன பசை?”

அவர் சீசாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஒட்டுதுல்ல?” என்றார்.

ஒட்டுகிறது, அதுதான் கேட்கிறேன் என்றேன். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. புரட்டாசி முழுக்க முட்டையைத் தொடுவதில்லை என்று அழகருக்கு நேர்ந்திருக்கிறார். தின்பதில்லை என்று மட்டும் நேர்ந்திருந்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை. தொடுவதில்லை என்று நேர்ந்திருக்கிறார். மூத்த மகன் பட்டாளத்தில். மலேயா போனவன், சிங்கப்பூர் விழுந்த பிறகு கடிதம் இல்லை. இதற்குமேல் அந்த நேர்ச்சையைப் பற்றி நான் என்ன பேச முடியும்.

“சரி. எதை வச்சு ஒட்டுனீங்க?”

“கடப்பாசிதான், தங்கச்சி. நோம்பு மாசம்ல, கடையெல்லாம் தொங்குது. கொதிக்க வச்சு, மூணு தடவ துணியில வடிகட்டி, சூடா இருக்கும்போதே தேச்சுருவேன். கெட்டுப்போகாம இருக்கச் சூடங்கூடப் போட்டேன்.”

கடல்பாசியைச் சர்க்கரையும் பாலும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் கட்டியாகி, தட்டைக் கவிழ்த்தாலும் விழாது. நோன்பு திறக்க அதை வில்லை வில்லையாக வெட்டி வைப்பார்கள். அவர் அதைப் பார்த்திருக்கிறார். அதுமட்டும் இல்லை, கிருமி வளர்க்கும் தட்டுகளில் நானே அதே பொருளைக் காய்ச்சி ஊற்றுவதையும் தினமும் பார்த்திருக்கிறார்.

“நீங்களே அதைத்தான ஊத்துறீக. லேபுக்கு ஆகாததையா போட்டேன்?”

தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை. கடல்பாசி பச்சைத் தண்ணீரில் கரையாது, கண்ணாடியை விடாது. ஒட்டுவதற்கு முட்டையைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதுவும் வழுவழுப்பான பொருள். மியூசினைப் பிடிக்கும் சாயம் அதையும் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எந்தப் பட்டியலிலும் நான் எழுதவில்லை. வழக்கமான சாயத்துக்கு அந்தப் பசையால் ஒரு கெடுதலும் இல்லை. கார்மைன் எப்போதோ ஒருமுறை போடுவது. அந்த ஒருமுறை இந்தப் பெண்ணின் முறையாக இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க அதையும் நம்பர் போட்டுச் செவுத்துல ஒட்டிருவீக. இன்னாருக்கு நேர்ச்சை, இன்னாரு முட்டை தொடமாட்டாருன்னு. வாரவன் போறவனெல்லாம் படிப்பான்.”

உண்மையில் ஒட்டியிருப்பேன். அதனால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

இதில் இன்னொன்று. கார்மைன், செடியில் ஒட்டியிருக்கும் ஒருவகைப் பூச்சியை உலர்த்தி அரைத்து எடுப்பது. புரட்டாசியில் முட்டையைத் தொடாதவர், சனிக்கிழமை எனக்கு அந்தப் பூச்சிச் சாயத்தைக் கலக்கிக் கொடுத்திருக்கிறார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

லேப் டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர். யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டார். பெரிய சர்ஜனின் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கேட்டாலே பேனாவைக் கையில் எடுத்துக்கொள்வார். ஸ்லைடை வைத்து, திருகைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நான் சொல்வது இருக்கலாம் என்றும், ஆனால் அடியில் சிவப்பு இருப்பதால் மேலே செல்லுக்குள் சிவப்பு இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொன்னார். அது சரிதான். இரண்டும் இருக்கலாம்.

“மறுபடி போட்டுப் பாக்கணும் சார். முட்டைப் பசையில.”

“நான் எழுதிக் குடுத்துட்டேனேம்மா.”

“திரும்ப எழுதலாம்ல சார்.”

“அவர்கிட்ட யார் சொல்றது?”

நான் சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றார்.

பெரிய சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். கடல்பாசி, முட்டை, நேர்ச்சை எல்லாவற்றையும் நான் முடிந்த அளவு சுருக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதென்ன சுங்குடிச் சேலையா, சாயம் சரியில்லன்னு மறுபடி முக்கி எடுக்க?” என்றார்.

அருகில் இருந்த நர்ஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதையும் எழுத வேண்டும். அடுத்த வாரம் அவர் இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவர் போனபின் இந்த அறுவையைத் துணிந்து செய்ய இந்த ஊரில் ஆள் இல்லை. புற்றாக இருந்து, தள்ளிப்போட்டால், அந்தப் பெண் ஒரு வருஷம் தாங்கமாட்டாள். ஆகவே புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் ஏதாவது வந்தால் பார்ப்பதாகவும், வராவிட்டால் வியாழக்கிழமை காலை வெட்டுவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வேண்டியவை:

ஒன்று, முட்டை.
இரண்டு, கார்மைன்.
மூன்று, சதை.

மூன்றாவதில் தொடங்குகிறேன். மெழுகில் பதித்திருந்த துணுக்கில் பெரும்பகுதியை ஏற்கெனவே சீவியாகிவிட்டது. மீதி, ஏழெட்டு நல்ல சீவலுக்கு வரும். கார்மைன், சீசாவைக் கவிழ்த்துத் தட்டி அளந்தால், இரண்டு ஸ்லைடுக்கு வரும். ஒன்று அவளுடையது, ஒன்று சோதனைக்கு. கை தவறினால் மறுமுறை என்று எதுவும் இல்லை.

முட்டை சுலபம் என்று நினைத்தேன். கடையில் வாங்க முடியவில்லை. பட்டாளத்துக்குச் சரக்கு எடுப்பவர்கள் கிராமத்திலேயே கூடையோடு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். வழக்கமாக லேபுக்கு வரும் முட்டை அட்டெண்டர் தன் வீட்டுக் கோழியிடமிருந்து கொண்டுவருவது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் கோழிக்கும் அந்த மாதம் விடுமுறை. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மட்டும் இருந்தது. அங்கே கணக்குப் பார்ப்பவர் ஒருவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்.

“லேபுக்கு முட்டையா? யாரும்மா சாப்பிடுறது?”

யாரும் சாப்பிடுவதில்லை, ஒரு நோயாளியின் சதையைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு என்றேன்.

“சதைக்கு டயட் சீட்டு இருக்கா?”

அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் முட்டை என்றால் ஒரு படுக்கை எண் இல்லாமல் தரமுடியாது என்பதில் அவர் நின்றுவிட்டதால், அந்தப் பெண்ணின் படுக்கை எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோன்பு வைத்திருந்தவள் பட்டப்பகலில் ஓர் அவித்த முட்டை சாப்பிட்டதாக டயட் புத்தகத்தில் பதிவாகியது. அவித்ததல்ல, பச்சை முட்டை வேண்டும் என்று சொல்லி மறுபடி ஒரு கால் மணி நேரம்.

வெள்ளைக்கருவைப் பிரித்து, கிளிசரின் சேர்த்து, இரட்டையாக மடித்த மல் துணியில் வடியவிட்டேன். அட்டெண்டர் மூன்றடி தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் செய்வதில் உள்ள பிழைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நுரை வரக் கலக்காதீர்கள், மல்லை நனைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு வேகம் கூடாது. எல்லாம் சரியாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று பிற்பகல் வார்டுக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. அறுவைக்கு முன் இரத்தப் பிரிவு பார்க்க. மாமியார் பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் பெண்ணிடம் நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், துவாரம் உட்பட.

நான் ஊசியை எடுத்ததும் கையை நீட்டினாள். பிறகு, “அந்த ஓட்டையிலருந்து எப்பவும் வந்துக்கிட்டே இருக்குமாமே. நிறுத்த முடியாதாமே,” என்றாள்.

பெரும்பாலும் அப்படித்தான் என்றேன்.

“அப்ப எனக்கு ஒளு எப்புடி நிக்கும்?”

ஒளு என்பது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவிச் சுத்தமாவது என்று எனக்குத் தெரியும். இயற்கை உபாதை வந்தால் அது முறிந்துவிடும் என்பதும் தெரியும். பெரியவர்களைக் கேட்டால் இதற்கு வழி சொல்வார்கள் அல்லவா என்றேன்.

“எங்க வீட்டுக்காரவுக பள்ளிவாசல் அசரத்துகிட்ட கேட்டுட்டு வந்துட்டாக. நோயாளிக்குக் கூடும்னு சொல்லிட்டாராம். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா கழுவிக்கிட்டுத் தொழுகலாமாம்.” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அவரு சொன்னா ஆச்சா? எனக்குல்ல கூடணும்.”

மறுபடி ஒரு சோதனை செய்கிறோம் என்று அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. புதன்கிழமை சிவந்துவிட்டால் அதே சேதியை அவள் இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்கும். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு லேபைத் திறந்தேன். மெழுகு கெட்டியாக இருந்தது. முதல் இரண்டு சீவல் கிழிந்தது. மூன்றாவதிலிருந்து ரிப்பனாக வந்தது. முட்டைப் பசை தேய்த்த ஸ்லைடில் ஏற்றி, இளஞ்சூட்டில் உலர வைத்தேன். முட்டைப் பசை கடல்பாசி மாதிரி பிடிக்காது, கழன்று மிதக்கலாம். அதற்காக ஒரு நாள் முழுக்க உலரவிட வேண்டியிருந்தது. அந்த ஒரு நாளில் லேப் டாக்டர் நான்கு தடவை வந்து, உலர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். சோறு வெந்ததா என்று கேட்பதுபோல.

நான்காவது தடவை வந்தபோது அவரிடம் ஒன்று கேட்டேன். சீதபேதிப் புண் என்றால் அதை உண்டாக்கும் அமீபா மலத்தில் இருக்க வேண்டுமே, மூன்று முறை பார்த்தோமே, ஏன் இல்லை? அவரும் அதைத்தான் யோசிப்பதாகச் சொன்னார். நான் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று முறையும் மாதிரி மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்திருந்தது. வார்டில் காலை ஆறு மணிக்கு எடுப்பதை, எல்லாப் படுக்கையிலிருந்தும் சேர்ந்த பிறகு ஒரே தட்டில் அனுப்புவது வழக்கம். ஆறு மணி நேரத்தில் அமீபா செத்து உருத்தெரியாமல் போயிருக்கும். சூடு ஆறுமுன் வர வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் சுவரில். வார்டுச் சுவரில் அல்ல.

 மறுநாள் காலை லேப் டாக்டரே ஒரு ஸ்லைடை வெந்நீர்ப் பையின் மேல் வைத்துக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனார். அவர் லேபை விட்டு வெளியே போய் நான் பார்த்தது அது இரண்டாவது முறை.

நான் சாயம் போட்டேன். மெழுகைக் கரைத்து, சாராயத்தில் இறக்கி, தண்ணீருக்குக் கொண்டுவந்து, உட்கருவுக்குக் கருநீலம் கொடுத்து, கழுவி, கடைசியாகக் கார்மைன். அட்டெண்டர் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொன்னார். அவளுடைய ஸ்லைடில் சீவலின் ஒரு மூலை தூக்கியது. தூக்கியதோடு நின்றது. கழுவும்போது நான் குழாயைத் திறக்கவில்லை. சொட்டுச் சொட்டாக ஊற்றினேன்.

உலர்ந்ததும் முதலில் வெறும் கண்ணாலேயே ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. பிறகு சோதனை ஸ்லைடைப் பார்த்தேன். சிவக்க வேண்டியவை சிவந்திருந்தன. பிறகு அவளுடையது. ஓரத்தில் இரண்டு சாதாரணச் சுரப்பிகள் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தன. குமிழ்கள் வெளிறியே இருந்தன. திருகை மேலும் கீழும் திருப்பினேன். எந்தத் தளத்திலும் சிவப்பு இல்லை. சீவல் முழுவதையும் வரிசை வரிசையாக, வயலில் ஏர் ஓட்டுவதுபோல, விடாமல் பார்த்தேன். சிவந்த குமிழ் ஒன்றுகூட இல்லை.

“செவந்துச்சா?” என்றார் அட்டெண்டர்.

“இல்லண்ணே.”

“அப்ப எல்லாம் என் பசைதான்.”

“ஆமா.”

“நல்லவேள,” என்றார் அவர். நிஜமாகவே முகம் தெளிந்து, சீசாக்களைக் கழுவப் போனார். தன் பசை ஒரு பெண்ணின் குடலை எடுக்க இருந்தது என்பது அவருக்கு உறைக்கவில்லையா, உறைத்ததால்தான் அப்படிச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

லேப் டாக்டர் சற்று நேரத்தில் அரக்கப்பரக்க வந்தார். வெந்நீர்ப் பை ஒரு கையில், ஸ்லைடு ஒரு கையில். புண்ணைச் சுரண்டி எடுத்ததில் அமீபா ஓடிக்கொண்டிருந்தது. இரத்தச் சிவப்பணுக்களைத் தனக்குள் விழுங்கியபடி. எனக்கும் காட்டினார். அவர் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. இதைப் பத்து நாள் முன்பே செய்திருக்கலாம் என்று என் வாயில் வந்தது. வாயிலேயே வைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு இரண்டாவது அறிக்கை போனது. பெரிய சர்ஜன் அதை நின்றபடியே படித்தார். இரண்டு ஸ்லைடையும் கேட்டு வாங்கித் தானே பார்த்தார், திருகையும் திருப்பினார். ஊசி போட்டுப் பத்து நாள் பார்க்கட்டும், கட்டி குறையாவிட்டால் தனக்குப் பின்னால் வருகிறவர் வெட்டிக்கொள்ளட்டும் என்றார். வியாழக்கிழமைப் பட்டியலில் அந்தப் பெயரை ஒரே கோடாக அடித்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சேலையைப் பற்றியும் சொல்லவில்லை.

அமீபாவுக்குப் போடும் எமிட்டின் ஊசி இதயத்தைத் தளர்த்தும். படுக்கையை விட்டு எழக்கூடாது, பட்டினி கூடவே கூடாது. மீதி நோன்பு முழுவதும் அவளுக்குப் போயிற்று. அதற்கு அவள் என்னைத்தான் குற்றம் சொன்னாள். நான் வந்து இரத்தம் எடுத்த நாளிலிருந்துதான் எல்லாம் கெட்டது என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். ஆறாவது ஊசிக்குப் பிறகு இரத்தம் நின்றது. பத்தாம் நாள் கட்டி பாதிக்கும் கீழே வற்றியிருந்தது. பெருநாளுக்கு அடுத்த வாரம் வீட்டுக்குப் போனாள். போகும்போது லேப் பக்கம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் புரட்டாசியில் கடல்பாசி தேய்த்த ஸ்லைடுகள் அத்தனையையும் எடுத்துப் பார்த்தேன். கார்மைன் போட்டது வேறு எதுவும் இல்லை. அட்டெண்டரும் நானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: புரட்டாசியில் பசை தேய்ப்பது நான். காரணம் எங்கும் எழுதப்படாது.

போர் முடிந்துவிட்டது. புதுக் கார்மைன் சீசா வந்துவிட்டது. வார்டிலிருந்து மாதிரிகள் இன்னும் மதியம் பன்னிரண்டுக்குத்தான் வருகின்றன. இதுபற்றி ஏழு முறை எழுதிவிட்டேன். முதல் அறிக்கையை அடித்துவிட லேப் டாக்டர் சம்மதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டதை அடிக்க விதி இல்லையாம். ஆகவே அவளுடைய கோப்பில் இரண்டும் இருக்கின்றன: புற்று என்று ஒன்று, புற்று இல்லை என்று ஒன்று. அவளுக்கு அறுவை நடக்கவில்லை. போன மாதம் இரண்டாவது பிள்ளைக்கு மாந்தம் என்று வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தாள். உடம்பு நன்றாக இருக்கிறது.